எல்லையோரக் கிட்டார்: மார்த்தாண்டத்திலிருந்து வாளையார் வரை

திங்கள், மார்த்தாண்டம்

இந்த வாரம் முழுக்க எல்லைச் சாலை. மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தபுரம், செங்கோட்டை, கம்பம், குமுளி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு, வாளையார். மேடையிலும் ஸ்டுடியோவிலும் கிட்டார் வாசித்துப் பிழைக்க நினைப்பவருக்கு இந்த வழியில் ஒவ்வொரு ஊரும் ஒரு வேலையைக் கற்றுத் தரும். அந்தந்த ஊரிலிருந்தே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் பலர் முதன்முதலில் ஒலிபெருக்கி வழியாகத் தங்கள் வாசிப்பைக் கேட்பது தேவாலயப் பாட்டுக் குழுவில்தான். இதைச் சின்ன மேடை என்று நினைக்க வேண்டாம். பின்னால் ஸ்டுடியோவில் தேவைப்படும் பாதி வித்தை இங்கேதான் இருக்கிறது.

கீர்த்தனையை யாரும் ஸ்கேல் சொல்லி ஆரம்பிப்பதில்லை. ஆராதனை நடத்துபவர் தொண்டைக்கு வந்த சுருதியில் எடுப்பார். முதல் வரி முடிவதற்குள் கிட்டார் அதைப் பிடித்தாக வேண்டும். ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தடிமனான ஆறாவது கம்பியில் பல்லவி வந்து அமர்கிற ஸ்வரத்தைத் தேடுங்கள். அநேகமாக அதுதான் ஸட்ஜம். எடுக்கிற முதல் ஸ்வரத்தை வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ எடுக்கும் பாட்டுகள் ஏராளம்.

அடுத்தது கட்டைக் கணக்கு. தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் பாடகர்கள் பேசுவது கட்டையில்தான். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் கிடையாது, அங்கே கறுப்புக் கட்டை இல்லை. "அண்ணே, நாலரைக்கு வச்சுக்கிடுங்க" என்று பாடகர் சொன்னதும் கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டு ஈ வடிவம், அல்லது நான்காம் ஃப்ரெட்டில் போட்டு டி வடிவம் என்று கை தானாகப் போக வேண்டும். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட்டில் ஜி வடிவம். ஆறரைக்கு மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி வடிவம். ஆனால் கடைசிச் சரணத்தில் அரைக்கட்டை ஏற்றுகிற பாட்டுக்குக் கேப்போவை நம்பக் கூடாது. பாட்டு நடுவே அதை நகர்த்த நேரம் இருக்காது. அந்தப் பாட்டை முழுக்க, ஒரே விரலால் கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பாரே வடிவத்தில் வாசிக்கப் பழக வேண்டும்.

பாட்டுக் குழுவில் அதிகம் கெடுவது ஒன்று உண்டு. கீபோர்டு இடது கையில் பேஸ், வலது கையில் முழுக் கார்டு வாசிக்கும்போது, கிட்டாரும் ஆறு கம்பியையும் அடித்தால் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் எல்லாம் சேறாகக் குழம்பிவிடும். பாடுகிற வார்த்தை கேட்காது. கீபோர்டு நிரம்பி ஒலிக்கும் இடத்தில் மேல் மூன்று கம்பி போதும். சி மேஜரை மூன்றாம், இரண்டாம், முதல் கம்பிகளில் மூன்று இடங்களில் எடுக்கலாம்: 0-1-0, 5-5-3, 9-8-8. இந்த மூன்று தலைகீழ் வடிவங்களையும் பன்னிரண்டு ஸ்கேலிலும் மேஜர், மைனர் இரண்டிலும் பார்க்காமல் எடுக்க வந்துவிட்டால், எந்தக் குழுவிலும் இடம் கிடைக்கும். வேக லீட் (தனித்து ஒலிக்கும் வாசிப்பு) கற்றுக்கொள்வதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். லீட் ஒரு பாட்டில் எட்டு பார் வரும், மிச்சமெல்லாம் ரிதம்.

கடற்கரைக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகப் பருத்தித் துணியால் துடைத்தால் இரண்டு மடங்கு நாள் உழைக்கும். கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். சாடிலில் (உடல் பக்கத்துத் தாங்கி) அறுந்தால் அங்கே பிசிர் இருக்கிறது. 600 எண் உப்புத்தாளை மடித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். நட்டில் (தலைப் பக்கத்துத் தாங்கி) அறுந்தால் பள்ளம் கம்பியை இறுக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினால் பல சமயம் சரியாகும். டியூனிங் தண்டில் அறுந்தால் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அகூஸ்டிக்கில் சுற்றுக் கம்பிகளுக்குள் மெலிதான மூன்றாவது கம்பிக்குத்தான் ஆயுள் குறைவு. முழு செட்டோடு மூன்றாம் கம்பி தனியாக இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

செவ்வாய், களியக்காவிளை, பாறசாலை

பெயர்ப்பலகையில் எழுத்து மாறினால் எல்லை கடந்தாயிற்று. 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி இன்றும் இந்தச் சாலை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறாள். மேடைக் கலைஞர்களுக்கும் இந்தக் கோடு குறுக்கே நிற்பதில்லை. உண்மையில் இதுதான் சோறு போடுகிறது.

காரணம் நாட்காட்டி. கேரளத்துக் கோயில் உற்சவங்களும் அவற்றின் கானமேளாக்கள் என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரிகளும் மகரம் முதல் மேடம் வரை, அதாவது தை முதல் சித்திரை வரை நெருக்கியடித்து வரும். அப்போது தேவாலயங்களில் தவக்காலம் என்பதால் அங்கே வேலை குறைவு. கர்க்கடகம் வந்தால் கேரளத்தில் மழை, மேடை ஓய்வு. அதே மாதம் நமக்கு ஆடி, அம்மன் கோயில் கொடை. பிறகு ஆவணியில் ஓணம், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் கிறிஸ்துமஸ் கேரல் சுற்று. ஒரு பக்கத்துப் பாட்டை மட்டும் தெரிந்தவருக்கு ஆறு மாதம் வேலை. இரண்டு பக்கமும் தெரிந்தவருக்கு ஏறக்குறைய வருஷம் முழுக்க. ஆகவே மலையாளப் பாட்டுகளைச் சும்மா கேட்டு வைத்தால் போதாது. இடையிசை பிட்டுகள் உட்பட எழுதி வைக்க வேண்டும்; கானமேளா ரசிகர்கள் மூலப் பதிவில் உள்ள கிட்டார் பிட் அப்படியே வருகிறதா என்று காது வைத்துக் கேட்பவர்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரே பக்கம். மேலே ஸ்கேல், கட்டை, வேகம், தாள அளவு. கீழே பல்லவி, இடையிசை, சரணம் என்ற வரிசையில் பாருக்கு ஒரு கட்டம். பிட்டுகள் மட்டும் ஸ்வரத்திலோ ஸ்டாஃப் நொட்டேஷனிலோ. ஆறு-எட்டு அளவில் போகும் மலையாள மெலடிகளைப் பலர் மூன்று-நான்காக எண்ணி அழுத்தத்தை இடம் மாற்றிவிடுவார்கள். ஆறு-எட்டில் ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். டிரம்மரின் வலது காலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி மேடை மின்சாரம். இதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

உற்சவ மேடையில் ஒலி ஒரு ஜெனரேட்டரில், விளக்கு வேறொரு இணைப்பில், ஆம்ப் பக்கத்துக் கடையிலிருந்து இழுத்த வயரில் என்று இருப்பது சகஜம். இரண்டு மூலங்களின் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால், கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். ஒரு மல்டிமீட்டர் பையில் இருக்கட்டும். ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து மூன்று முறை அளக்க வேண்டும். ஃபேஸ்-நியூட்ரல் 220 முதல் 240 வரை காட்ட வேண்டும். ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே எண். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த் மிகக் குறைவாகவோ நிலையில்லாமலோ காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது; நியூட்ரல்-எர்த் பத்து, இருபது என்று காட்டினாலும் அந்த இணைப்பு வேண்டாம். எல்லாம் செருகிய பிறகு மீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒலி ஆளிடம் சொல்லி, மேடையில் உள்ள எல்லா இசைக் கருவிக்கும் ஒரே பெட்டியிலிருந்து லைன் எடுக்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கக் கூடாது.

இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் வயரின் உறையை மட்டும்தான் பிரிக்கிறது. மின் எர்த்தைத் தொடுவதில்லை. இரைச்சலுக்கு அதுதான் முறையான வழி. சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் ஒலிவாங்கி), விளக்கு டிம்மருக்குப் பக்கத்தில் ரீங்கரித்தால் இரண்டடி தள்ளி நின்று உடம்பைத் திருப்பிப் பாருங்கள், பாதி குறையும். கானமேளாவுக்கு ஒரே எலக்ட்ரிக் கிட்டார்தான் கொண்டுபோக முடியும் என்றால் பிரிட்ஜில் இரைச்சல் குறைந்த ஹம்பக்கர் பிக்கப், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் உள்ளது எல்லாப் பாட்டுக்கும் ஈடுகொடுக்கும்.

பெடல் வரிசை: டியூனர், வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப். 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்பதுதான் பொதுவான அமைப்பு. நடுமுனை பாசிட்டிவ் பெடல் ஒன்று இடையில் வந்தால் தனி அடாப்டர். ஓவர்டிரைவ் பத்து மில்லிஆம்பியரில் ஓடும், டிஜிட்டல் பெடல் 300 முதல் 500 வரை கேட்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு கூடுதல் உள்ள சப்ளை வாங்க வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போட்டு டிஜிட்டல் பெடலுக்கும் கொடுத்தால் கீச்சென்ற சத்தம் வரும். தனித்தனி அவுட்புட் உள்ள சப்ளை விலை கூடுதல்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கிட்டார் வயர் ஆறு மீட்டருக்கு மேல் போனால் உச்ச ஒலிகள் மங்கும். அகூஸ்டிக் ஊளையிட்டால் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி, பிரிஆம்ப்பில் ஃபேஸ் பொத்தான், பிறகு நாட்ச் (ஊளையிடும் அலைவரிசையை மட்டும் வெட்டுவது) என்ற வரிசையில் முயலுங்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆகவே தாமதமாகத் தொடங்கும் நிகழ்ச்சியில் பட்டியலின் கடைசிப் பாட்டுகள் அடிபடும். குழு பெயர் வாங்கும் பாட்டுகளை நடுவிலேயே வைக்கும்படி சொல்லுங்கள்.

புதன், திருவனந்தபுரம்

யேசுதாஸ் 1980-இல் இங்கே தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கினார். திருவல்லத்தில் கேரள அரசின் சித்ராஞ்சலி. அதற்கு முன் மலையாளப் பாட்டு என்றாலே சென்னைப் பதிவுதான்; வாசித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். மலையாளத்தில் இசையமைத்துப் புகழ்பெற்ற எம்.பி. சீனிவாசன்தான் சென்னையில் திரை இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியவர். வாசிப்பவருக்கு வேலை நேரமும் கூலியும் பேசி வாங்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டியதற்காக பதிவுக்கு வாசிக்கும் ஒவ்வொரு செஷன் கலைஞரும் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்று கால்ஷீட் போட்டு முப்பது பேர் உட்காரும் பதிவு குறைந்துவிட்டது. இசையமைப்பாளருக்காகக் கணினியில் பாட்டைக் கட்டும் புரோகிராமர் அல்லது அரேஞ்சர் ஒரு டிராக் அனுப்புவார், கிட்டாரை வாசித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வாய்ப்புக் கேட்டு இசையமைப்பாளர் வீட்டு வாசலில் நிற்பதைவிடப் புரோகிராமர்களிடம் அறிமுகமாவது பலன் தரும். எந்தக் கிட்டாரிஸ்டைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது பல சமயம் அவர்தான். அவருக்கு அனுப்பும் மாதிரியில் 20 முதல் 30 நொடித் துண்டுகளாக எட்டு பத்து போதும். முதலில் நைலான் ஆர்ப்பீஜியோ, அகூஸ்டிக் ஸ்ட்ரம்மிங், சுத்தமான எலக்ட்ரிக் ரிதம். லீட் கடைசியில்.

டிராக் வந்ததும் வாசிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் சாம்பிள் ரேட். படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது வழக்கம். 44.1-இல் பதிந்ததை 48 என்று எண்ணித் திறந்தால் வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். வாசித்தது முழுக்க வீண். அடுத்து வேகம், தொடங்கும் பார், இடையில் வேகம் மாறுகிறதா என்பது. டிராக்கின் சுருதி 440-தானா என்று டியூனரை வைத்துப் பாருங்கள். பழைய பாட்டின் மேல் கட்டியதாக இருந்தால் சற்றுத் தள்ளியிருக்கலாம்.

பதியும்போது டிஐ சுத்தமாக ஒன்று, ஒலி சேர்த்தது ஒன்று என இரண்டும் எடுங்கள். அளவு உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை நிற்கட்டும். கணினியின் பஃபர் அளவு 64 அல்லது 128 சாம்பிள். அதற்கு மேல் போனால் காதுக்கும் கைக்கும் இடையே இடைவெளி விழுந்து தாளம் பின்னால் இழுக்கும். அகூஸ்டிக்குக் கண்டென்சர் மைக் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை நோக்கி 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். துளைக்கு நேரே வைத்தால் அடி ஒலி வீங்கும். மின்விசிறி, ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இடவலம் விரிய வேண்டிய ஸ்ட்ரம்மிங்கை இரண்டு முறை தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒன்றையே நகலெடுத்தால் விரியாது. இரண்டாவது முறை கேப்போ போட்டு வேறு வடிவத்தில் வாசித்தால் இன்னும் அழகு. பன்னிரண்டு கம்பி செட்டில் உள்ள மெல்லிய கம்பிகளை ஆறு கம்பிக் கிட்டாரில் ஏற்றி வைத்த கருவி ஒன்று தனியாக இருந்தால் ஸ்டுடியோவில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

சுருதி சரியாக இருந்தும் மேலே போகப் போகக் கசக்கிறதா? பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்ஸும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எடுக்கும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கி ஒலித்தால் முன்னுக்கு. புதுக் கம்பியில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

டிலே பெடலை வேகத்தோடு பொருத்த 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி நொடி என்று வரும். 120 வேகத்துக்கு 500. முக்கால் அடி வேண்டுமானால் 375.

அனுப்பும் கோப்பு ஒவ்வொன்றும் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், நடுவில்தான் வாசிப்பு வந்தாலும். பெயரில் பாட்டு, வேகம், ஸ்கேல், எந்தக் கிட்டார் என்பது இருக்கட்டும். நாற்பது டிராக்குக்கு நடுவே பெயரில்லாத கோப்பைத் தேடவைத்தால் அடுத்த அழைப்பு வராது.

பணம். வேலைக்கு முன்பே தொகை, எத்தனை திருத்தம் வரை அதில் அடங்கும், என்றைக்குள் கொடுப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். தொழில்முறைக் கட்டணம் ஆண்டு வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த பணம் திரும்பாது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துகலைஞருக்கு ராயல்டி உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமைக் காலம் 50 ஆண்டு. நடைமுறையில் ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பதுதான் அதிகம். அதனாலேயே, கையெழுத்திடும் தாளில் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். தேதி, பாட்டு, என்ன வாசித்தோம் என்ற குறிப்பேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

வியாழன், செங்கோட்டை வழி

கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை. மீட்டர் கேஜாக இருந்த மலைப்பாதை அகலமாகி 2018-இல் முழுதும் திறந்தது. கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலம். கிட்டாரோடு ரயிலில் போகிறவர்களுக்கு இரண்டே குறிப்பு. துணிப் பையில் வைத்துக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளினால் மற்றவர் பெட்டி இடித்துத் தலைப்பகுதி உடையும். கெட்டிப் பெட்டி வாங்க இயலாதவர் மேல் படுக்கை கேட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்குக் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டாம். ஒரு ஸ்வரம் இறக்கினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் கழுத்து பின்னுக்கு வளைந்து, போய் இறங்கிய ஊரில் சுருதி நிற்க அரைநாள் ஆகும்.

வெள்ளி, கம்பம், குமுளி

கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். எல்லோரும் அறிந்த கதைதான், ஆனாலும் கிட்டார் கலைஞர் ஒருவரின் தொழில் வாழ்க்கையாக அதை வாசித்தால் வேறு வெளிச்சம் கிடைக்கும். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சிறு வயதிலேயே ஊர் ஊராகப் போனார். அதாவது முதலில் சுற்றுமேடை. அந்தப் பாவலர்தான் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், எல்லைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடிப் பிரசாரம் செய்தவர். பிறகு இளையராஜா சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் நொட்டேஷனையும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதினார். பல இசையமைப்பாளர்களுக்குச் செஷனில் கிட்டார் வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல்தான் 'அன்னக்கிளி'.

மேடை, நொட்டேஷன், செஷன், உதவியாளர் என்ற இந்த வரிசையில் இன்று பலர் தாண்டிப் போக விரும்புவது நொட்டேஷனை. கம்பியையும் ஃப்ரெட் எண்ணையும் மட்டும் காட்டும் டேப் எழுத்து போதும் என்கிறார்கள். டேபில் விரல் எங்கே என்பது தெரியும். வயலின் வாசிப்பவரோடு ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேச முடியாது. தினம் பதினைந்து நிமிடம், பார்த்திராத நான்கு வரி, நிற்காமல், தவறினாலும் திரும்பாமல். கிட்டாருக்கு எழுதும் ஸ்வரம் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்; புல்லாங்குழலுக்கு எழுதியதைக் கொடுத்தால் ஸ்தாயி மாற்றி வாசிக்க வேண்டியிருக்கும். டிரினிட்டியின் எட்டு கிரேடு தேர்வுகளும் நல்ல ஒழுங்கு தரும். சான்றிதழைக் கேட்டு யாரும் செஷனுக்குக் கூப்பிடுவதில்லை, ஆனால் பள்ளிகளில் கற்பிக்கும் வேலைக்கு அது கைகொடுக்கும்.

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினால் குமுளி. வண்டிப்பெரியாறு, பீருமேடு, வடக்கே மூணாறு என்று தோட்டத் தமிழர் ஊர்களில் கோயில் விழாவும் தேவாலயத் திருவிழாவும் உண்டு. மேடையில் மாலைக்கும் இரவுக்கும் வெப்பம் சட்டென்று இறங்கும். குளிர்ந்தால் எஃகுக் கம்பி சுருங்கி சுருதி ஏறும். விளக்குச் சூட்டில் இறங்கும். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடைக் காற்றில் அரைமணி வைத்த பிறகு சுருதி சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் சாவியின் பல்லில் தளர்வு மிஞ்சி, முதல் பாட்டிலேயே இறங்கிவிடும்.

சனி, கொழிஞ்சாம்பாறை

நாள் முழுக்க வண்டி. தேனி, பழனி, பொள்ளாச்சி, கோபாலபுரம் தாண்டி மறுபடி கேரளம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை வாசலில் கேட்பது தமிழ்தான். இங்கே வேலை பெரும்பாலும் கல்யாண வரவேற்பு மேடை. நான்கு பேர் குழு, சின்ன மிக்சர், சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒலியைக் கூட்டிப் போட்டிபோட வேண்டாம். வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடலும் அகூஸ்டிக்கும் இருந்தால் ஒருவரே முதல் அரைமணியை நடத்தலாம். அந்த அரைமணிக்குத் தனித் தொகை பேசலாம்.

ஞாயிறு, பாலக்காடு, வாளையார்

கணவாய்க் காற்று. கேரளத்தின் மற்ற இடங்களில் ஈரத்தால் கிட்டாரின் மேற்பலகை வீங்கும், ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமாகிய ஆக்‌ஷன் உயரும், விரல் வலிக்கும். இங்கே கோடையில் வறண்ட காற்றடிக்கும்போது நேர்மாறு: மரம் சுருங்கும், ஆக்‌ஷன் இறங்கும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், ஃப்ரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும். திருவனந்தபுரத்தில் செட் செய்த கருவியை அப்படியே இங்கே மேடையேற்றக் கூடாது. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்தி, ஏழாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடை வலப்புறம் கால் சுற்று. இல்லவே இல்லை என்றால் இடப்புறம் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு அளக்கவும். ஒரேயடியாக முழுச் சுற்றுத் திருகினால் ராடின் மரை போய்விடும், அதற்கு எளிய வைத்தியம் கிடையாது. எலக்ட்ரிக்கில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.6 மில்லிமீட்டர், ஆறாம் கம்பி 2 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் இத்தனை திருகல் தேவைப்படாது.

கல்பாத்தி ரதோற்சவச் சங்கீத விழா நடக்கிற ஊரில் கர்நாடக இசை பற்றிப் பேசாமல் போக முடியாது. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கிட்டாரில் கர்நாடக இசையை மேடையேற்றிக் காட்டியவர்கள். செஷன் கலைஞருக்குக் கச்சேரி வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தோடியின் காந்தாரத்தை ஒரே ஃப்ரெட்டில் நிறுத்தினால் அது தோடி இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே கம்பியை இழுத்து அசைக்க வேண்டும் என்ற அளவாவது தெரிய வேண்டும். மலையாளப் படங்களிலும் பக்தி ஆல்பங்களிலும் இதைக் கேட்பார்கள். மெல்லிய 10 எண் கம்பி செட்டில் இழுப்பு எளிது. ஆக்‌ஷன் மிகத் தாழ்ந்தால் இழுக்கும்போது பக்கத்துக் கம்பி விரலுக்கடியில் வழுக்கும்.

புகழ்பெற்ற பாடகரோடு சுற்றுப்பயணம் போகும் வாய்ப்பு வந்தால், கிளிக்கும் (தாளம் எண்ணும் தட்டொலி) பேக்கிங் டிராக்கும் காதில் ஓடும். கிளிக்கோடு வாசிக்கத் தெரியாதவரை ஒத்திகையிலேயே மாற்றிவிடுவார்கள். வளைகுடா நிகழ்ச்சிகளில் ஆம்ப் அவர்கள் தருவது. கேட்ட ஆம்ப் வராத நாட்களுக்காக நேரே மிக்சருக்குப் போகும், ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் மாடலர் பெடல் ஒன்று கையில் இருக்க வேண்டும். விமானத்தில் வயர் கட்டர், ஆலன் சாவி எல்லாம் சரக்குப் பெட்டியில். தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்.

காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் என்பது பணியிடக் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம் பக்கத்தில் மூன்று மணி நேரம் நிற்கிற தொழிலில் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் இல்லாமல் மேடையேற வேண்டாம். நிகழ்ச்சி முடிந்த இரவில் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை.

வாளையார் தாண்டினால் கோவை. இங்கிருந்து கொச்சிக்கும் போகலாம், சென்னைக்கும் போகலாம். திருச்சூரில் தேவாலயப் பாட்டுக் குழுவிலும் மேடைக் குழுவிலும் தொடங்கிய ஜான்சன் மலையாளத்தின் பெரிய இசையமைப்பாளரானது சென்னை போன பிறகு. இன்று இடம் மாறுவது கட்டாயமில்லை. வீட்டிலிருந்தே டிராக் அனுப்பலாம். மாறுவதாக இருந்தால், ஏற்கெனவே வேலை கொடுக்கிற இரண்டு புரோகிராமர்களாவது அந்த ஊரில் இருக்க வேண்டும், ஆறு மாத வாடகை கையில் இருக்க வேண்டும். பழைய குழுவோடு ஆடிக் கொடைக்கும் மகர உற்சவத்துக்கும் உள்ள தேதிகளை விட்டுவிடாதீர்கள். முதல் வருஷச் செலவை அவைதான் தாங்கும்.